நள்ளிரவு 2 மணி, கையில் 20 ரூபாய் எனர்ஜி பாட்டில்: ருசி, தெம்பு, காசு... மூன்றுக்கும் தகுமா?

சென்னை கிளாம்பாக்கத்தில் இருந்து இரவு 10 மணிக்குத் தெற்கே கிளம்பும் வண்டி, டோல்கேட், டீசல், டீ எல்லாம் சேர்த்து பெரம்பலூர் மாவட்ட எல்லையைத் தொடும்போது மணி ஏறக்குறைய 2 ஆகிவிடும். பயணிகள் அசந்து தூங்கும் நேரம். டிரைவருக்குக் கண் சொருகும் நேரமும் அதுதான்.

சாலையோரக் கடையில் வண்டி நிற்கும். "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ. அப்படியே ஃப்ரிட்ஜ்ல இருந்து அந்த எனர்ஜி பாட்டில் ஒண்ணு குடுங்க" என்று குரல் வரும். மூடியைத் திருகி நாலே மடக்கில் காலி. "இனி திருச்சி தாண்டிப் போயிடலாம்" என்று வண்டி கிளம்பும்.

பக்கத்து மாவட்டமான அரியலூரில் கதை கொஞ்சம் வேறு. தமிழ்நாடு சிமெண்ட்ஸ், ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு என்று சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த ஊர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும், ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்களும், பரீட்சைக்கு முழித்துப் படிக்கும் பிள்ளைகளும் அதே பாட்டிலைத்தான் கேட்கிறார்கள்.

அந்தப் பாட்டிலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? அது தரும் தெம்பு எவ்வளவு நேரம் நிற்கும்? கொடுக்கிற காசுக்குத் தகுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• இதில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின் மட்டுமே. காபி, டீயில் இருக்கும் அதே பொருள்தான்.

• இந்தியச் சட்டப்படி 1 லிட்டரில் 145 முதல் 300 மில்லிகிராம் வரைதான் காஃபின் இருக்கலாம். அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 75 மில்லிகிராம்.

• தூக்கத்தை இது ஒத்திப்போடும். தீர்த்துவைக்காது.

• குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் குடிக்கக் கூடாது என்று பாட்டில் மேலேயே எழுதியிருக்கும்.

• வெயிலில் வேலை செய்பவருக்கு இது தண்ணீருக்கு மாற்று இல்லை.

எனர்ஜி ட்ரிங்க், எனர்ஜி ஷாட்: என்ன வித்தியாசம்?

எனர்ஜி ட்ரிங்க் என்பது 250 மில்லி, 500 மில்லி அளவில் வரும் பானம். குளிர்பானம் மாதிரி நிதானமாகக் குடிப்பது. எனர்ஜி ஷாட் என்பது 50, 60 மில்லி அளவில் வரும் சின்ன பாட்டில். இருமல் மருந்து மாதிரி ஒரே மடக்கில் விழுங்குவது.

இந்தச் சின்ன பாட்டில் யோசனை புதிதல்ல. ஜப்பானில் 1962-ல் லிபோவிட்டான்-டி என்ற 100 மில்லி டானிக் பாட்டில் வந்தது. தாய்லாந்தில் 1976-ல் கிராட்டிங் டேங் என்ற பானம் வந்தது. லாரி டிரைவர்களும் ஷிப்டுத் தொழிலாளர்களும்தான் அதன் முதல் வாடிக்கையாளர்கள். அதையே மாற்றியமைத்து 1987-ல் ஆஸ்திரியாவில் ரெட் புல் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். ஆக, இந்தப் பானத்தின் பிறப்பிலேயே லாரி டிரைவர் இருக்கிறார்.

அமெரிக்காவில் 2004-ல் வந்த '5-ஹவர் எனர்ஜி' தான் ஷாட் என்ற வகையையே பிரபலமாக்கியது. அதை ஆரம்பித்தவர் லக்னோவில் பிறந்த மனோஜ் பார்கவா. 57 மில்லி பாட்டிலுக்குள் சுமார் 200 மில்லிகிராம் காஃபின். நம்ம ஊர் டீ நாலைந்து குடித்தால் கிடைப்பது அந்த ஒரு மடக்கில் இறங்கிவிடும்.

அந்த மாதிரி ஷாட் இங்கே கிடைக்குமா?

இங்கேதான் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், 'காஃபின் கலந்த பானம்' என்பதற்குத் தனி அளவு வைத்திருக்கிறது. 1 லிட்டருக்குக் குறைந்தது 145, அதிகபட்சம் 300 மில்லிகிராம். இந்த அளவுப்படி 60 மில்லி பாட்டிலில் 18 மில்லிகிராம் காஃபின்தான் இருக்க முடியும். அது ஒரு டீயை விடக் குறைவு!

அதனால் 'காஃபின் கலந்த பானம்' என்று எழுதிய சின்ன பாட்டிலை வாங்கிவிட்டு, அமெரிக்க ஷாட் மாதிரி தூக்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆன்லைனில் 'சப்ளிமென்ட்' என்ற வகையில் வரும் பாட்டில்களும் உண்டு. அவற்றில் காஃபின் அளவு வேறு மாதிரி இருக்கலாம். எத்தனை மில்லிகிராம் என்பதே எழுதாத பாட்டிலாக இருந்தால், அதைத் திருப்பி வைத்துவிடுவதுதான் நல்லது.

2015-ல் இதே ஆணையம் சில எனர்ஜி ட்ரிங்குகளுக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. காஃபினையும் ஜின்செங் என்ற வேரையும் ஒன்றாகக் கலப்பதற்கு அறிவியல் நியாயம் இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 2024 ஏப்ரலில், 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை, எனவே கண்ட பானங்களையும் அந்தத் தலைப்பில் போட்டு விற்காதீர்கள் என்று ஆன்லைன் நிறுவனங்களுக்கு ஆணையம் சொன்னது. 'எனர்ஜி' என்ற பெயரைப் பார்த்ததும் அது உடம்புக்குச் சத்து என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ருசி: ஏன் மிட்டாய் மாதிரியும் மருந்து மாதிரியும் இருக்கிறது?

காஃபின் கசக்கும். டிகாஷன் கசப்பில் ஒரு பங்கு அதுதான். அந்தக் கசப்பை மறைக்கத்தான் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், பழ வாசனை, கேஸ் எல்லாம் சேர்க்கப்படுகின்றன. புளிப்பும் இனிப்பும் சேர்ந்தால் நாக்கு கசப்பைக் கண்டுகொள்ளாது.

250 மில்லியில் இது சுலபம். 60 மில்லி ஷாட்டில் மறைக்க இடம் போதாது. பி வைட்டமின்களின் மருந்து வாடையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பல ஷாட்டுகள் நாக்கில் நிற்காமல் ஒரே மடக்கில் போகும்படி செய்யப்படுகின்றன.

ஜில்லென்று இருக்கும்போது இனிப்பு குறைவாகத் தெரியும். அதே பாட்டிலை வண்டி டேஷ்போர்டில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள், திகட்டும். சர்க்கரை எவ்வளவு என்பது அப்போதுதான் நாக்குக்குப் புரியும். 'சுகர் ஃப்ரீ' வகையில் செயற்கை இனிப்பு இருப்பதால், குடித்து முடித்த பிறகும் ஒரு இனிப்பு நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆக, ருசி பிடித்திருக்கிறதா இல்லையா என்பது அவரவர் விருப்பம். ஆனால் ருசியை வைத்து அதன் வீரியத்தை எடை போட முடியாது. கசப்பு தெரியவில்லை என்பதால் காஃபின் இல்லை என்று அர்த்தமில்லை. பிள்ளைகள் ஏமாறுவதும் இங்கேதான்.

தெம்பு: உடம்புக்குள் என்ன நடக்கிறது?

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அது போய் உட்கார்வதற்கென்று மூளைச் செல்களில் இடங்கள் இருக்கின்றன. அதிக இடங்களில் அது உட்கார உட்கார, தூக்கம் கண்ணைக் கட்டும்.

காஃபின் பார்ப்பதற்கு அடினோசின் மாதிரியே இருக்கும். பஸ் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல, அது முந்திப்போய் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். அடினோசின் நின்றுகொண்டே வரவேண்டியதுதான். தூக்கம் தெரியாது.

ஆனால் பயணி இறங்கிப் போய்விடவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறார். காஃபின் விலக ஆரம்பித்ததும், காத்திருந்த அடினோசின் எல்லாம் உட்கார ஆரம்பிக்கும். அப்போது வரும் அசதி முன்பு இருந்ததை விடப் பலமாகத் தெரியும். 'குடிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஆளைச் சாய்ச்சிடுச்சு' என்று டிரைவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அப்போது டாரின், பி வைட்டமின் எல்லாம் எதற்கு?

டாரின் என்ற பெயரைக் கேட்டதும் காளை மாட்டில் இருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 1827-ல் அதை முதன்முதலில் எருதின் பித்தத்தில் இருந்து பிரித்தார்கள், அதனால் லத்தீன் மொழியில் எருதைக் குறிக்கும் சொல்லே பெயராக நிலைத்தது. இன்று பானங்களில் சேர்ப்பது தொழிற்சாலையில் தயாராவது. நம் உடம்பே டாரினைத் தயாரிக்கும், மீன், இறைச்சியிலும் கிடைக்கும்.

பி வைட்டமின்கள் சாப்பாட்டில் இருந்து சக்தியை எடுக்க உடம்புக்கு உதவுபவை. உடம்பில் குறைபாடு இருந்தால் அதை நிரப்புவது பலன் தரும். குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் தெம்பு வராது. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

இதை ஒரு நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. '5-ஹவர் எனர்ஜி' நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசு வழக்குத் தொடர்ந்தது. வைட்டமினும் மற்ற பொருட்களும் காஃபினோடு சேர்ந்து காபியை விட அதிக நேரம் வேலை செய்யும் என்பது போன்ற விளம்பரங்கள் நுகர்வோரை ஏமாற்றுபவை என்று தீர்ப்பானது. 2017-ல் சுமார் 43 லட்சம் டாலர் செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

எவ்வளவு நேரம் நிற்கும்?

குடித்த 20, 30 நிமிடத்தில் தெரிய ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். அதன்பின் பாதி அளவு கழிய சராசரியாக 5 மணி நேரம் ஆகும்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர் உடம்பில் காஃபின் சீக்கிரம் கரையும். கர்ப்பிணிகளுக்கும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் மெதுவாகக் கரையும். தினமும் குடிப்பவருக்கு உடம்பு பழகிவிடும். முதலில் ஒரு பாட்டிலில் கிடைத்த சுறுசுறுப்புக்கு அப்புறம் இரண்டு தேவைப்படும். நிறுத்தினால் தலைவலி வரும்.

இரவு 9 மணிக்கு 72 மில்லிகிராம் காஃபின் உள்ளே போனால், நள்ளிரவு 2 மணிக்கும் அதில் பாதி உடம்பில் இருக்கும். தூங்குவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் எடுத்தபோதுகூட தூக்கம் 1 மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இன்றைய விழிப்புக்கு நாளைய தூக்கத்தில் இருந்து கடன் வாங்குகிறோம் என்பதுதான் விஷயம்.

சர்க்கரை தெம்பு தருமா?

சர்க்கரை நிறைய, காஃபின் குறைவு என்ற கலவை தூக்கத்துக்கு உதவாது. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 2006-ல் வெளியான ஆய்வில், 42 கிராம் சர்க்கரையும் 30 மில்லிகிராம் காஃபினும் உள்ள பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, குடித்தவர்களின் கவனம் கூடவில்லை, இன்னும் மந்தமானது.

100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று லேபிளில் இருந்தால், 250 மில்லி பாட்டிலில் 27 கிராம். அதாவது 5 டீஸ்பூனுக்கு மேல். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு பாட்டிலிலேயே அது தீர்ந்துவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ள டிரைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காசுக்குத் தகுமா? ஒரு பெட்டிக்கடை கணக்கு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மில்லி கப் அளவுக்கு இப்படிக் கணக்குச் சொல்கிறது: வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு மொத்தம் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அதே வழிகாட்டியின் அறிவுரை.

இதை வைத்து 10 மில்லிகிராம் காஃபினுக்கு எவ்வளவு காசு ஆகிறது என்று பார்க்கலாம்.

• 15 ரூபாய் டீ, 30 மில்லிகிராம் என்று வைத்தால்: 5 ரூபாய்.

• 20 ரூபாய் இன்ஸ்டன்ட் காபி, 50 மில்லிகிராம் என்று வைத்தால்: 4 ரூபாய்.

• 20 ரூபாய் எனர்ஜி பாட்டில், 250 மில்லி, 72 மில்லிகிராம் என்று வைத்தால்: 2 ரூபாய் 80 பைசா.

• 125 ரூபாய் கேன், 250 மில்லி, 75 மில்லிகிராம் என்று வைத்தால்: 16 ரூபாய் 70 பைசா.

அதாவது 125 ரூபாய் கேனில் கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் பெயருக்கும் கேனுக்கும்தான். விழிப்பு அதே அளவுதான்.

20 ரூபாய் பாட்டிலோ டீயை விட மலிவு! இதை மறைக்க வேண்டியதில்லை. பெப்சிகோ நிறுவனம் 2017-ல் ஸ்டிங் பானத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அது 20 ரூபாய் பிளாஸ்டிக் பாட்டிலில் வந்த பிறகுதான், மால்களில் இருந்த எனர்ஜி ட்ரிங்க் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் இறங்கியது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

அந்த 20 ரூபாயில் வரியும் கணிசம். காஃபின் கலந்த பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு பாட்டிலில் ஏறக்குறைய 5 ரூபாய் 70 பைசா வரியாகவே போகிறது. அவ்வளவு வரி போட்டும் ஒரு பள்ளிப் பிள்ளையின் பாக்கெட் காசுக்குள் அது அடங்கிவிடுகிறது என்பதுதான் கவலை.

2 மணிக்குக் கண் சொருகினால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்?

பிரிட்டன் சாலைகளில் தூக்கத்தால் நடந்த விபத்துகளை ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் என்ற லஃப்பரோ ஆய்வாளர்கள் 1995-ல் அலசினார்கள். நள்ளிரவு 2 மணி, காலை 6 மணி, மாலை 4 மணி ஆகிய நேரங்களை ஒட்டி அவை அதிகமாக இருந்தன. மனித உடம்பின் கடிகாரம் பிரிட்டனிலும் பெரம்பலூரிலும் ஒன்றுதான். 10 மணிக்குச் சென்னையில் கிளம்பும் வண்டியை, உளுந்தூர்பேட்டை தாண்டி பாடாலூர் வரைக்கும் உள்ள நீண்ட நேர்ச் சாலை அந்த மோசமான நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது.

இதே ஆய்வாளர்கள் 1997-ல் இன்னொரு பரிசோதனை செய்தார்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களுக்கு 150 மில்லிகிராம் காஃபின் கொடுத்து, உடனே 15 நிமிடத்துக்குள் ஒரு குட்டித் தூக்கம் போடவைத்தார்கள். பிறகு மாதிரி வண்டியை ஓட்டவைத்தார்கள். காஃபின் மட்டும், தூக்கம் மட்டும் என்பதை விட இரண்டும் சேர்ந்தபோது பலன் நன்றாக இருந்தது.

காரணம் எளிது. காஃபின் வேலையைத் தொடங்க 20 நிமிடம் எடுக்கிறது. அந்த 20 நிமிடத்தை ஸ்டியரிங் பிடித்தபடி கழிக்காமல், கண்ணை மூடிக் கழிக்கலாம். எழும்போது காஃபினும் தயாராக இருக்கும்.

அதனால் செய்ய வேண்டியது இது: வெளிச்சமுள்ள, வண்டி நிறுத்த அனுமதியுள்ள இடத்தில் ஓரம் கட்டுங்கள். டோல்கேட் பக்கம், பெட்ரோல் பங்க் வளாகம் சரியாக இருக்கும். காபியோ பாட்டிலோ குடியுங்கள். போனில் 20 நிமிடம் அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். எழுந்து முகம் கழுவி, 5 நிமிடம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். இதுவும் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குத்தான். அதற்குள் வண்டியை நிறுத்தித் தூங்க இடம் பார்க்க வேண்டும், அல்லது இன்னொரு டிரைவர் கைக்கு மாற்ற வேண்டும்.

இது டிரைவர் தலையில் மட்டும் கட்டும் விஷயமும் இல்லை. 5 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு, ஒரு நாளைக்குப் பொதுவாக 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 'விடியறதுக்குள்ள லோடு இறங்கணும்' என்று போன் போடும் முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. மதுவோடு எனர்ஜி ட்ரிங்க் கலந்து குடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காஃபின் போதையைக் குறைக்காது, தூக்கத்தை மட்டும் மறைக்கும். 'எனக்கு ஒண்ணும் இல்லப்பா, தெளிவாத்தான் இருக்கேன்' என்று வண்டியை எடுக்கத் தோன்றும். அமெரிக்காவில் காஃபின் கலந்த மதுபானங்களுக்கு எதிராக 2010-ல் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டதும் இதனால்தான்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு?

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ, பெரம்பலூர் சின்ன வெங்காயக் காட்டிலோ வெயிலில் நிற்பவருக்கு வரும் அசதி வேறு. அது தூக்கத்தால் வருவதில்லை. வேர்வையில் தண்ணீரும் உப்பும் போனதால் வருவது. அங்கே எனர்ஜி பாட்டில் ஆளை எழுப்பிவிடும், ஆனால் போன உப்பைத் திருப்பித் தராது. இதயத் துடிப்பு ஏற்கெனவே வேகமாக இருக்கும்போது காஃபின் அதை இன்னும் கூட்டலாம்.

அந்த 20 ரூபாய்க்குத் தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், கம்மங்கூழ், எலுமிச்சை உப்புச் சாறு எதுவும் மேல். மயக்கம் வரும் அளவுக்குப் போனால் உப்பு-சர்க்கரைக் கரைசல். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பாக்கெட் கிடைக்கும். உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி தயாரிக்காத பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரையே போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

பள்ளிப் பிள்ளைகள் குடிக்கலாமா?

கூடாது. இதில் 'ஆனால்' கிடையாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1 கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் கவலையில்லாத அளவு. 24 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 72 மில்லிகிராம். ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்தது. வீட்டில் காலையில் குடித்த டீ, மத்தியானம் சாப்பிட்ட சாக்லேட், கோலா எல்லாம் அதற்கு மேல். குழந்தைகள், பதின்வயதினர் உணவில் எனர்ஜி ட்ரிங்குக்கு இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே சொல்லிவிட்டது.

லிதுவேனியா 2014-லும், லாட்வியா 2016-லும், போலந்து 2024 ஜனவரியிலும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதையே தடை செய்தன. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் திட்டத்தை இங்கிலாந்து 2025 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவிலும் பஞ்சாப் அரசு 2025-ல் பள்ளி கேன்டீன்களிலும் பள்ளியை ஒட்டிய கடைகளிலும் விற்கத் தடை போட்டது.

தமிழ்நாட்டில் கேட்க வழியில்லையா? இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பொருட்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளியில் இருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான 2020-ஆம் ஆண்டு விதி.

பிளஸ் டூ, நீட் என்று முழித்துப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். "அம்மா, ஒரு பாட்டில் குடிச்சா 3 மணி வரைக்கும் படிச்சிடுவேன்" என்று பிள்ளை கேட்டால், "10 மணிக்குப் படு கண்ணு, 4 மணிக்கு நான் எழுப்பிவிடுறேன்" என்பதுதான் சரியான பதில்.

யாருக்கு ஆபத்து? எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு, பதற்ற நோய் உள்ளவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. தினசரி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிச்சல், கை நடுக்கம் வரலாம்.

குடித்த பிறகு நெஞ்சு வலி, படபடவென்று அடங்காத இதயத் துடிப்பு, மயக்கம், தொடர்ந்து வாந்தி என்று வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். 108-ஐ அழைத்து, பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். என்ன குடித்தார், எத்தனை பாட்டில் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் காலி பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

மூடியைத் திறக்கும் முன்: ஒரு நிமிடச் சோதனை

1. 'ஹை காஃபின்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா? இருந்தால் அது சாதா கலர் இல்லை.

2. 100 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் காஃபின்? 30-ஐத் தாண்டினால் சட்ட அளவையே தாண்டுகிறது.

3. அந்த எண்ணைப் பாட்டிலின் முழு அளவுக்குப் பெருக்குங்கள். 250 மில்லி என்றால் இரண்டரையால்.

4. சர்க்கரை எத்தனை கிராம்? அதையும் அப்படியே பெருக்கி, 5-ஆல் வகுத்தால் எத்தனை ஸ்பூன் என்று தெரிந்துவிடும்.

5. இன்று ஏற்கெனவே எத்தனை டீ, காபி? ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று பாட்டிலிலேயே எச்சரிக்கை இருக்கும்.

6. தயாரிப்பு தேதி, 14 இலக்க உரிம எண் இரண்டும் இருக்கிறதா? இல்லை என்றால், அல்லது பள்ளி வாசலில் விற்பதைப் பார்த்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம்.

முடிவாக...

ருசிக்குக் குடிக்கிறீர்கள் என்றால், 20 ரூபாய்க்கு இனிப்பான ஒரு கலர். தெம்புக்கு என்றால், ஒரு காபி அளவு விழிப்பு, சில மணி நேரத்துக்கு. ஆரோக்கியமான பெரியவர் பகலில் எப்போதாவது ஒன்று குடிப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் நள்ளிரவு 2 மணிக்கு, பின்னால் 40 பேர் தூங்கிக்கொண்டிருக்க, ஸ்டியரிங் பிடிப்பவருக்கு அந்தப் பாட்டில் மட்டும் போதாது. அதோடு 20 நிமிடக் கண் மூடலும் வேண்டும். அதற்குக் காசு எதுவும் ஆகாது. பஸ் 20 நிமிடம் நின்றால், "ஏம்ப்பா இவ்வளவு நேரம்?" என்று முன் சீட்டில் இருந்து கேட்காமல் இருப்பது, நம்மால் செய்ய முடிந்த உதவி.